பல நாள் மலை நடை: படங்களில் வராத தொல்லைகளும், அதற்கு ஈடாகக் கிடைப்பதும்?

படியேறி:

வணக்கம். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்புகிற மலையேற்றம் எனக்கு நன்றாகவே பழக்கம். இப்போது நானும் என் தோழியும் பத்துப் பன்னிரண்டு நாள் தொடர்ந்து நடக்கிற ஒரு பாதைக்குத் திட்டம் போட்டிருக்கிறோம். வழியில் வருகிற உயரமான கணவாய் 5,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பாதி இரவுகள் டென்ட்டில், மீதி பொதுத் தங்குமிடங்களில்.

தேடிப் படித்தால் இரண்டே வகைதான் கிடைக்கிறது. ஒன்று, சூரிய உதயப் படமும் வாழ்க்கையே மாறிவிட்டது என்கிற வசனமும். இன்னொன்று, என்னென்ன வாங்க வேண்டும் என்கிற பட்டியல். ஐந்தாம் நாள் காலையில் எழும்போது உடம்பு எப்படி இருக்கும், ராத்திரி தூக்கம் வருமா, குளிக்காமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள், இதையெல்லாம் யாருமே எழுதுவதில்லை. நான் கேட்பது பனிச்சரிவு மாதிரி பெரிய ஆபத்துகளைப் பற்றி அல்ல, அதையெல்லாம் வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்கிறேன். தினமும் உடம்பைப் படுத்துகிற சின்னத் தொல்லைகளைச் சொல்லுங்கள். அப்புறம், அத்தனையும் பட்டு அங்கே என்னதான் கிடைக்கிறது? காட்சி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், காட்சிக்கு ஏதாவது ஒரு மலை வரைக்கும் காரிலேயே போய்விடலாம்.


ஒற்றையடிப்பாதை:

காலில் இருந்து ஆரம்பிக்கிறேன். மற்ற எல்லாம் சரியாக இருந்து கால் மட்டும் போய்விட்டால் பயணம் அங்கேயே முடிந்தது.

கொப்புளம் வெளியே இருந்து தேய்ந்து வருகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. வியர்வையில் தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும், உள்ளே எலும்பு மட்டும் ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் நகரும், நடுவில் இருக்கிற தோல் அடுக்கு இழுபட்டுப் பிரிந்து அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால்தான் ஈரம் இவ்வளவு பெரிய எதிரி, லேசாக ஈரமான தோலில் உராய்வு அதிகம். கொப்புளம் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் சுருக்கென்று ஒரு சூடு தெரியும். தெரிந்த அந்த நிமிடமே உட்கார்ந்து ஷூவைக் கழற்றிவிடுங்கள். அடுத்த ஓய்வுக்கு நிறுத்தும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், கூட வருகிறவர்கள் காத்திருக்கட்டும். ஜிங்க் ஆக்சைடு டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, ஓரங்களை வட்டமாக வெட்டிவிட்டால் இரண்டு மூன்று நாள் அசையாமல் இருக்கும். ஏற்கெனவே வந்துவிட்டதா? சின்னதாக இருந்தால் தொட வேண்டாம். பெரிதாகி நடக்கவே முடியவில்லை என்றால், சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றி மூடிவிடுங்கள். மேல்தோலை மட்டும் உரிக்கவே கூடாது.

நகம் அடுத்த விஷயம். இறக்கத்தில் கால் முன்னால் சரிந்து விரல் நுனி ஷூவில் மோதிக்கொண்டே இருக்கும், நாலு மணி நேரம் மோதினால் நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிக் கறுத்துவிடும், சில வாரம் கழித்து நகமே கழன்று விழும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போங்கள், ஆனால் கிளம்புகிற அன்றைக்கு வெட்டாதீர்கள், ஓரம் காயமாகி இருந்தால் வலி கூடும். இறக்கம் தொடங்குகிற இடத்தில் நின்று கணுக்கால் பக்கத்து லேஸை இறுக்கிக் கட்டினால் குதிகால் பின்னாலேயே நிற்கும். ஷூ வாங்கும்போது சாயங்காலம் போய் வாங்குங்கள், அரை அளவு பெரிதாக. பல நாள் நடையில் பாதம் வீங்கும்.

சாக்ஸ் மூன்று ஜோடி போதும். இரண்டு மாற்றி மாற்றி நடக்க, மூன்றாவது தூங்க மட்டும். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அந்த மூன்றாவதைப் போட்டுக்கொண்டு ஒரு அடி கூட நடக்காதீர்கள்.

ஈடாக என்ன கிடைக்கிறது என்று கேட்டீர்களே. நாள் முழுக்க நடந்த பிறகு ஷூவைக் கழற்றி, பனி உருகி வருகிற ஓடையில் காலை வைப்பது. இரண்டு நிமிடத்துக்கு மேல் வைக்க முடியாது, எலும்பு வரைக்கும் குத்தும். எடுத்தால் கால் புதிதாக இருக்கும். இதை வீட்டில் ஐஸ் போட்ட வாளியில் செய்து பார்த்துவிட்டேன், வரவில்லை.


முட்டிவலி மன்னன்:

மேலே சொன்னதெல்லாம் சரி. நான் சேர்ப்பது ஷூ பற்றி ஒன்று. கனமான பூட்ஸ் வாங்கியே ஆக வேண்டும் என்று கடையில் சொல்வார்கள், எடை குறைந்த ஓட்ட ஷூவில் பல ஆயிரம் கி.மீ. நடக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1955-இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையை, அதாவது 3,000 கி.மீ.-க்கு மேல், சாதாரண கான்வாஸ் ஷூவில் நடந்து முடித்தார். பதினோரு பிள்ளைகள் பெற்றவர். முதுகுப்பை கிடையாது, தானே தைத்த துணிமூட்டை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். பனியில் நடக்க வேண்டுமென்றால் கதை வேறு, அங்கே பூட்ஸ்தான். மற்றபடி நனைந்தால் சீக்கிரம் காய்கிற ஷூதான் என் கட்சி.

இப்போது என் பெயருக்கு வருகிறேன். ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், இறக்கம் முட்டியையும் தொடையையும் வாங்கும். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உங்கள் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது, பிரேக் போட்டுக்கொண்டே போகிற வண்டி மாதிரி. அதில் தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஆகும். வலி அன்றைக்கே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும், அதனால்தான் மூன்றாம் நாள் காலையில் பெரிய பெரிய வீரர்களெல்லாம் பக்கவாட்டில் நடந்துதான் கழிவறைக்குப் போவார்கள். நல்ல செய்தி என்னவென்றால் தசை இதைக் கற்றுக்கொள்ளும். ஒரு முறை நன்றாக வலித்துவிட்டால் அடுத்த சில வாரத்துக்கு அதே இறக்கம் அவ்வளவாக வலிக்காது. ஆகவே அந்த முதல் வலியை ஊரிலேயே முடித்துவிட்டுப் போங்கள், கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் நீளமான இறக்கங்களில் பயிற்சி செய்யுங்கள். எல்லோரும் ஏறித்தான் பழகுகிறார்கள்.

ஊன்றுகோல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்கு என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், இறக்கத்தில் முட்டிக்குப் போகிற சுமையை அது கண்கூடாகக் குறைக்கும். இறங்கும்போது கொஞ்சம் நீட்டிக்கொள்ள வேண்டும்.

தூரத்தை மட்டும் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் சொன்ன கணக்கு இன்றைக்கும் ஓடுகிறது: 5 கி.மீ.-க்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். சுமையும் உயரமும் இருந்தால் அதற்கு மேலேயே ஆகும். ஐரோப்பாவில் மோன் பிளாங் மலையைச் சுற்றி வருகிற பாதை சுமார் 170 கி.மீ.தான், கேட்டால் என்ன பிரமாதம் என்று தோன்றும், ஆனால் மொத்த ஏற்றத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 10,000 மீட்டர். எவரெஸ்ட்டின் உயரமே 8,849தான்.


படியேறி:

மிக்க நன்றி இருவருக்கும். பக்கவாட்டில் நடப்பதைப் படித்துத் தோழிக்கும் அனுப்பினேன், அவள் இப்போது வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள். இரவுகளைப் பற்றி யாராவது சொல்லுங்கள். எனக்குக் குளிர் ஆகாது, தூக்கமும் லேசு.


நத்தை:

இரவு பற்றி நான் சொல்கிறேன், என் அனுபவத்தில் பகலை விட இரவுதான் கஷ்டம்.

3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் தூங்குகிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை உயரம் கூட்டாமல் ஒரு நாள் இருக்க வேண்டும். பகலில் எவ்வளவு ஏறி இறங்கினாலும் பரவாயில்லை, தலை சாய்க்கிற இடம்தான் கணக்கு. உங்கள் கணவாய் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம். அதன் விளைவாக ஒரு விசித்திரம் நடக்கும், முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பயம் இருக்காது: தூக்கத்தில் மூச்சு மெதுவாகக் குறைந்து சில விநாடி நின்றே போய்விடும், பிறகு பெரிதாக இழுத்துக்கொண்டு விழிப்பு வரும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு உங்களை விட அதிகமாகப் பயமாக இருக்கும். உயரத்தில் இது ரொம்ப சாதாரணம், இது மட்டும் இருந்தால் நோய் இல்லை. ஆனால் தலைவலியோடு வாந்தியும் வந்தால் மேலே ஏறாதீர்கள். குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் கீழே இறங்க வேண்டும். பெரிய ஆபத்து வேண்டாம் என்றீர்கள், இதை மட்டும் தோழியும் படிக்கட்டும், ஏனென்றால் அவஸ்தைப்படுகிறவருக்கு அது தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

உயரத்தில் சிறுநீரும் அதிகமாகும். ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்திருக்க வேண்டி வரும். ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்துக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று அரை மணி நேரம் யோசிப்பதுதான் மலையில் நடக்கிற மிகப் பெரிய வீண். போய்விட்டு வந்துவிடுங்கள்.

குளிருக்கு: 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு மூன்று வெப்பநிலை போட்டிருப்பார்கள், பெரிதாக அச்சடித்திருப்பதை நம்பாமல் கம்ஃபர்ட் என்று இருப்பதைப் பாருங்கள். லிமிட் என்றால் சுருண்டு படுத்துச் சமாளிக்கலாம் என்கிற அளவு, குளிர் ஆகாதவருக்கு அது உதவாது. அடியில் போடுகிற மெத்தையும் முக்கியம், உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிவிடும், நீங்கள் படுத்து நசுக்கிய பக்கத்தில் ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு ஒன்றுக்கும் ஆகாது. தண்ணீர் வடிகட்டி கொண்டுபோனால் அதையும் போனையும் உள்ளே போட்டுக்கொண்டு தூங்குங்கள். குழாய் இழை வகை வடிகட்டி ஒரு முறை உறைந்தால் உள்ளே விரிசல் விட்டுவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.

படுப்பதற்கு முன் கொதிக்கிற தண்ணீரைக் கெட்டியான பாட்டிலில் ஊற்றி, மூடியைச் சரிபார்த்து, அதற்கு ஒரு சாக்ஸ் மாட்டித் தொடைக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஈடான சுகம் கீழே எதுவும் இல்லை என்று சத்தியம் செய்வேன். காலையில் அதுவே உறையாத குடிதண்ணீர்.

காலை என்றதும் இன்னொன்று. உதயம் என்று படத்தில் போடுவது வேறு. நாம் இருப்பது பெரும்பாலும் பள்ளத்தாக்கின் நிழலில். எதிர்ச் சரிவின் உச்சியில் வெயில் விழுந்து கோடு போட்ட மாதிரி கீழே கீழே இறங்கி வரும், விரல் மரத்துப்போய் டென்ட்டின் பனியை உதறிக்கொண்டே எல்லோரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம், அந்தப் பாறைக்கு வந்துவிட்டது, இனி பத்து நிமிடம் என்று. வந்து முகத்தில் விழும்போது பேச்சு நின்றுவிடும். உடனே ஒரு அடுக்கு உடுப்பைக் கழற்ற வேண்டி வரும், அது தனி எரிச்சல்.


மழைக்கோட்டு:

பெண்கள் இருவர் போகிறீர்கள் என்பதால் நான் எழுதுகிறேன், இதை ஆண்கள் எழுத மாட்டார்கள். கடும் நடையும் உயரமும் சேர்ந்தால் மாதவிடாய் முன்னால் வரலாம், தள்ளிப் போகலாம். தேதி இல்லையே என்று வெறுங்கையோடு போகாதீர்கள். மென்ஸ்ட்ருவல் கப் பழக்கம் இருந்தால் வசதி, ஆனால் முதல் தடவையை மலையில் முயற்சி செய்ய வேண்டாம், கை கழுவத் தண்ணீர் வேண்டும். பேட் என்றால் எல்லாவற்றையும் இறுக்கமாக மூடும் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும், புதைத்தால் விலங்கு தோண்டிவிடும். காலைக்கடனுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: தண்ணீரில் இருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் குழி, பிறகு மூடிவிட வேண்டும், காகிதம் பையில் திரும்பி வரும். முதல் நாள் கூச்சமாக இருக்கும். நான்காம் நாள் அதைப் பற்றித்தான் சாப்பிடும்போதே பேசிக்கொண்டிருப்பீர்கள்.

குளியல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாற்றம் மூன்றாம் நாளுக்குப் பிறகு உங்களுக்குத் தெரியாது, எல்லோருமே நாறுவார்கள். தொடை இடுக்கு, மார்புக்கச்சை ஓரம், பையின் பட்டை உரசுகிற இடம், பாதம், இவற்றை மட்டும் தினமும் ஈரத் துணியால் துடைத்து வாசலின் தடவினால் போதும். வியர்வையின் உப்பு காய்ந்து அதன் மேல் தோல் உரசுவதுதான் புண்ணாகிறது. பருத்தி உடுப்பு வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது, காயாமல் குளிரில் நடுங்க வைக்கும்.

மழையில் இரண்டு நாள் தொடர்ந்து நடந்தால் எந்தக் கோட்டும் காப்பாற்றாது, வெளியே இருந்து நனையாவிட்டால் உள்ளே இருந்து வியர்வையில் நனைவீர்கள். அதனால் ஒரு செட் உலர்ந்த உடுப்பு இரவுக்கு மட்டும், அதைத் தொடவே கூடாது. காலையில் நேற்றைய ஈர உடுப்பையே மறுபடி மாட்ட வேண்டும். அந்தப் பத்து நிமிடம் நரகம்தான், பொய் சொல்ல மாட்டேன். நடக்க ஆரம்பித்தால் உடம்புச் சூட்டில் சரியாகிவிடும்.

இதையெல்லாம் விடப் பெரிய தொல்லை கூட வருகிறவர். உங்கள் தோழியை எவ்வளவு பிடித்தாலும், அவள் தண்ணீர் குடிக்கிற சத்தம் ஏழாம் நாள் தாங்க முடியாததாக இருக்கும். அவளுக்கு உங்கள் மூக்குறிஞ்சல். இருவர் வேகமும் ஒன்றாக இருக்காது, வேகமாக நடப்பவர் காத்திருந்து ஓய்வெடுத்துவிட்டு மெதுவாக வருபவர் வந்த அடுத்த நொடி கிளம்பிவிடுவார், பின்னால் வந்தவருக்கு ஓய்வே இல்லை. இந்த ஒன்றை முதல் நாளே பேசிவிடுங்கள். பசி நேரத்தில் எந்த முடிவும் எடுக்க வேண்டாம், முதலில் எதையாவது வாயில் போட்டுவிட்டுச் சண்டை போடுங்கள், பாதிச் சண்டை காணாமல் போய்விடும். பொதுத் தங்குமிடத்துக்குக் காதடைப்பான் கொண்டுபோங்கள். குறட்டை விடாதவர்கள் மலைக்கு வருவதில்லை போலிருக்கிறது.

எனக்குக் கிடைத்தது என்ன என்றால், ஒரு காலை முகட்டின் மேல் நடக்கும்போது பின்னால் வெயில், முன்னால் கீழே மேகம். மேகத்தின் மேல் என் நிழல் ராட்சச உருவமாக விழுந்து, தலையைச் சுற்றி வட்டமாக ஒரு வானவில். கையை ஆட்டினால் அதுவும் ஆட்டுகிறது. பிராக்கன் பூதம் என்பார்கள், ஜெர்மனியில் 1,141 மீட்டர் உயரமுள்ள பிராக்கன் மலையின் பெயரால் வந்தது. வேடிக்கை என்னவென்றால் பக்கத்தில் நின்றவளுக்கு வட்டம் அவள் தலையைச் சுற்றித்தான் தெரிந்தது, எனக்கு என் தலையைச் சுற்றி. மேகத்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் அவரவர் கண்ணுக்கு அவரவர் வட்டம்தான். யார் புனிதர் என்று கால்மணி நேரம் வாக்குவாதம் செய்தோம். இதற்குக் காரில் போக முடியாது.


கூழாங்கல்:

யாரும் சொல்லாதது ஒன்று இருக்கிறது, சலிப்பு. ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் நடப்பது, அதில் முக்கால்வாசி நேரம் முன்னால் போகிறவரின் குதிகாலையும் அடுத்த கல்லையும்தான் பார்ப்பீர்கள். ஏதாவது ஒரு விளம்பரப் பாட்டின் இரண்டு வரி தலைக்குள் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஓடும். நான் இதைத் தொல்லைப் பட்டியலிலும் சேர்ப்பேன், மகிழ்ச்சிப் பட்டியலிலும் சேர்ப்பேன். எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும், யாருக்குப் பதில் போட வேண்டும் என்ற யோசனை எல்லாம் மெல்ல நின்றுபோய், தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, மேகம் எந்தப் பக்கம் போகிறது, சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் என்கிற மூன்றே கேள்வி மிச்சம் இருக்கும். சாப்பாடு என்றதும் ஞாபகம் வருகிறது, ரொம்ப உயரத்தில் பசி செத்துவிடும், கட்டாயப்படுத்தித்தான் சாப்பிட வேண்டும். கீழே இறங்கியதும் வருகிற பசி இருக்கிறதே, அப்போது எதைக் கொடுத்தாலும் அமிர்தம், பக்கத்துத் தட்டையும் சேர்த்து.

பை எடையை யாரும் தொடவில்லை. எடையில் பெரும்பகுதி இடுப்பு எலும்பின் மேல் உட்கார வேண்டும், தோளில் தொங்கக் கூடாது. முதலில் இடுப்புப் பட்டையை இறுக்கி, பிறகுதான் தோள்பட்டை. எப்படியாவது உதவும் என்று நினைத்து எடுத்து வைக்கிற ஒவ்வொன்றையும் வெளியே எடுத்துவிடுங்கள்.


படியேறி:

இதைத்தான் கேட்டேன், எல்லோருக்கும் நன்றி. தோழி வருகிறாள், தண்ணீர் குடிக்கிற சத்தத்தை மட்டும் இப்போதே குறித்துவைத்திருக்கிறாளாம். முட்டிவலி மன்னன் அண்ணா, ஒரு சந்தேகம். எங்களுக்குப் பக்கத்தில் நீளமான இறக்கம் எதுவும் இல்லை. நான் இருப்பது பதினாலாவது மாடி. லிஃப்ட்டில் ஏறிப் படியில் இறங்கினால் அதே பயன் கிடைக்குமா?


முட்டிவலி மன்னன்:

கிடைக்கும் தங்கச்சி. முதல் நாள் இரண்டு தடவை, வலி போன பிறகு நாலு, அப்புறம் தண்ணீர் பாட்டில் நிரப்பிய பையோடு. கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்குங்கள், ஆனால் கை எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். மலைக்குப் போடப் போகிற அதே ஷூ, அதே சாக்ஸ். எங்கே சூடு தெரிகிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.